காவல்துறையினரின் நாட்பட்ட வலியும் வாழ்க்கைத் தரமும்

காவல்துறையினரின் நாட்பட்ட வலி என்பது, காவல் பணியில் உள்ளவர்களுக்கு முதுகு, கழுத்து, தோள், முழங்கால், குதிகால் முதலிய இடங்களில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் வரும் வலியையும் குறிக்கும். நீண்ட நேரம் நிற்பது, வாகனத்தில் அமர்ந்தே இருப்பது, ஆயுதங்களைச் சுமப்பது, இரவுப் பணி, போதிய ஓய்வின்மை ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள் ஆகும். இவ்வலி பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் உறக்கம், மனநிலை, குடும்ப உறவு, பணித்திறன் ஆகிய அனைத்தையும் பாதித்து, ஒருவரின் வாழ்க்கைத் தரத்தைப் பல ஆண்டுகளுக்குக் குறைத்துவிடக்கூடியது. இக்கட்டுரை இந்தியக் காவல்துறையை, குறிப்பாகத் தமிழ்நாட்டுக் காவலர்களின் பணிச்சூழலை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

நாட்பட்ட வலி என்றால் என்ன?

வலி என்பது உடலின் எச்சரிக்கை மணி. சூடான பாத்திரத்தில் விரல் பட்டவுடன் கையை இழுத்துக்கொள்வதற்கு வலியே காரணம். காயம் ஆறியதும் இந்த வலி நின்றுவிடும். இதைக் குறுகிய கால வலி என்பர். காயம் ஆறும் காலம் கடந்தும் வலி தொடர்ந்தால் அது நாட்பட்ட வலி ஆகிறது. மூன்று மாதங்கள் என்பது பன்னாட்டளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை ஆகும்.

முன்பு நாட்பட்ட வலி வேறு நோய்களின் அறிகுறியாக மட்டுமே கருதப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் நோய்கள் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு 2019ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனிக் குறியீடு வழங்கப்பட்டது. வேறு காரணம் எதுவும் புலப்படாதபோதும் வலியே ஒரு நோயாக இருக்கக்கூடும் என்பதை அவ்வகைப்பாடு ஏற்றுக்கொண்டது.

வலி எவ்வாறு நாட்பட்டதாக மாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள இரண்டு கண்டுபிடிப்புகள் உதவின. 1965ஆம் ஆண்டில் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் ஆகிய இருவரும் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உள்ளது என்றும், அது வலிச் செய்திகளைக் கூட்டியோ குறைத்தோ மூளைக்கு அனுப்புகிறது என்றும் அவர்கள் கூறினர். கவலையும் அச்சமும் இவ்வாயிலைத் திறக்கின்றன. மன அமைதியும் உடலசைவும் அதை ஓரளவு மூடுகின்றன. 1983ஆம் ஆண்டில் கிளிஃபோர்ட் வுல்ஃப், தொடர்ந்து வலிச் செய்திகளைப் பெறும் தண்டுவட நரம்புகள் தாமே கூருணர்வு அடைந்துவிடுகின்றன என்பதைக் காட்டினார். அந்நிலையில் சிறு தொடுதலும் சாதாரண அசைவும்கூட வலியாக உணரப்படும்.

இதனால், படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. அதேபோல, படத்தில் ஏதேனும் தெரிந்தால் அதுவே வலிக்குக் காரணம் என்றும் கூறிவிட முடியாது. முதுகு வலியே இல்லாதவர்களை எம்.ஆர்.ஐ. முதலிய படங்கள் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளின் தொகுப்பு 2015ஆம் ஆண்டில் வெளியானது. அதன்படி முதுகெலும்பின் இடைவட்டுத் தேய்மானம் 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் காணப்பட்டது. "டிஸ்க் தேய்ந்துவிட்டது" என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி முடங்கிவிடுபவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

வாழ்க்கைத் தரத்தை அளவிடும் முறை

வலியின் கடுமையை அளக்கப் பொதுவாக 0 முதல் 10 வரையிலான எண் அளவுகோல் பயன்படுகிறது. 0 என்றால் வலி இல்லை. 10 என்றால் தாங்க முடியாத வலி. உடலின் எந்தெந்தப் பகுதியில் வலி உள்ளது என்பதை அறிய, 1987ஆம் ஆண்டில் நார்டிக் நாடுகளின் ஆய்வாளர்கள் உருவாக்கிய வினாத்தாள் உலகெங்கும் பயன்படுகிறது. அது உடலை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதங்களிலும் கடந்த ஏழு நாட்களிலும் இருந்த தொல்லைகளைக் கேட்கிறது.

ஆனால் வலியின் எண் மட்டும் ஒருவரின் நிலையை முழுமையாகக் காட்டாது. இரண்டு காவலர்களுக்கும் முதுகு வலி 6 என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு இரவில் ஏழு மணி நேர உறக்கமும், வாரம் ஒரு நாள் விடுப்பும், இளகிய பணியை மாற்றிக் கேட்கும் வாய்ப்பும் இருக்கின்றன. மற்றவருக்கு இவை எதுவும் இல்லை. வலி ஒன்றே எனினும் இருவரின் வாழ்க்கையும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை அளப்பதே வாழ்க்கைத் தர அளவீடு ஆகும்.

உலக சுகாதார அமைப்பு 1990களில் இதற்கென ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கியது. உலகின் 15 மையங்களில் ஒரே காலத்தில் நடைபெற்ற அப்பணியில் சென்னையும் புது தில்லியும் இடம்பெற்றிருந்தன. 100 வினாக்கள் கொண்ட அத்தொகுப்பின் சுருக்க வடிவம் 26 வினாக்களைக் கொண்டது. இரண்டு பொது வினாக்கள் தவிர, மற்றவை உடல், மனம், சமூக உறவு, சுற்றுச்சூழல் என்னும் நான்கு பிரிவுகளில் அமைந்துள்ளன. செய்ய வேண்டிய வேலைகளைச் செய்யவிடாமல் உடல் வலி எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பது அதன் தொடக்க வினாக்களில் ஒன்று.

காவல் பணியில் வலி உண்டாகும் வழிகள்

காவல் பணி என்பது ஒரே வகையான வேலை அன்று. பணியின் தன்மைக்கு ஏற்ப வலி வரும் இடமும் மாறுகிறது.

நிற்றல்: போக்குவரத்துக் காவலர், பந்தோபஸ்துப் பணியில் சாலையோரம் நிறுத்தப்படுபவர், பாரா நிற்பவர் ஆகியோர் பல மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கின்றனர். நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கி விரிந்து, காலில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. அசையாமல் நிற்கும்போது இது நடைபெறுவதில்லை. இதனால் கால் வீக்கம், நரம்பு சுருட்டல், குதிகால் வலி, இடுப்பு வலி ஆகியவை தோன்றுகின்றன.

உட்கார்தல்: நிலைய எழுத்தர், ஓட்டுநர், ரோந்து வாகனத்தில் செல்பவர் ஆகியோருக்கு எதிர்மாறான சிக்கல். குனிந்து எழுதுவதும், உயரம் பொருந்தாத மேசையில் கணினித் தட்டச்சு செய்வதும் கழுத்தையும் தோள்பட்டையையும் பாதிக்கின்றன. வாகனத்தின் அதிர்வு இடுப்பு எலும்பின் இடைவட்டுகளுக்குக் கூடுதல் சுமை ஆகிறது.

சுமை: காவலர் ஏந்தும் துப்பாக்கிகளில் பல ஏறத்தாழ 4 கிலோ எடை கொண்டவை. அதை மணிக்கணக்கில் ஒரே தோளில் மாட்டியிருந்தால் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கும். கலவரத் தடுப்புப் பணியில் தலைக்கவசம், கேடயம், மார்புக்கவசம், லத்தி ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. மேலை நாடுகளில் துப்பாக்கி, விலங்கு, வானொலிக் கருவி ஆகியவற்றைத் தாங்கும் இடுப்புப் பட்டையே பெரும் சுமையாக உள்ளது.

திடீர் விசை: மணிக்கணக்காக நின்றோ அமர்ந்தோ இருந்தவர், அடுத்த நொடியில் ஒருவரைத் துரத்தவோ கூட்டத்தைத் தள்ளவோ நேரிடும். தசைகள் ஆயத்தமாகாத நிலையில் ஏற்படும் இத்தகைய விசையால் தசைப்பிடிப்பும் சுளுக்கும் உண்டாகின்றன. முழுமையாக ஆறும் முன்னரே பணிக்குத் திரும்பினால் அவை நாட்பட்ட வலியாக மாறும்.

வெளியூர்ப் பணி: திருவண்ணாமலை கார்த்திகை தீபம், மதுரை சித்திரைத் திருவிழா, வேளாங்கண்ணி மாதா கோவில் திருவிழா போன்றவற்றுக்குப் பிற மாவட்டங்களிலிருந்து காவலர்கள் வரவழைக்கப்படுகின்றனர். கல்யாண மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வெறும் தரையில் படுத்து, சில மணி நேரம் மட்டும் உறங்கி, மீண்டும் பணிக்குச் செல்வது வழக்கம்.

பெண் காவலர்கள்: தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டு முதல் பெண்கள் காவல் பணியில் உள்ளனர். ஆண்களின் உடலளவுக்கு வடிவமைக்கப்பட்ட கவசங்களும் காலணிகளும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. பந்தோபஸ்து இடங்களில் கழிப்பறை இல்லாததால் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கின்றனர். மாதவிடாய்க் காலத்திலும் மகப்பேற்றுக்குப் பின்னரும் இடுப்பு வலி இருக்கையில் நீண்ட நேரம் நிற்பது இரட்டைச் சுமை ஆகிறது.

பணி நேரமும் மீளும் நேரமும்

மேலே கூறப்பட்ட சுமைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் தாங்கக்கூடியவையே. கட்டுமானத் தொழிலாளரும் நெசவாளரும் ஆசிரியரும் இவற்றில் சிலவற்றைத் தாங்குகின்றனர். உழைப்பினால் தசைகளிலும் தசைநாண்களிலும் உண்டாகும் நுண்ணிய சேதங்களை உடல் ஓய்வின்போதும் உறக்கத்தின்போதும் சரிசெய்துகொள்கிறது. சரிசெய்து முடியும் முன்னரே அடுத்த சுமை வந்துவிட்டால் சேதம் குவிகிறது. எனவே காவலரின் வலியைப் புரிந்துகொள்ள, அவர் என்ன சுமக்கிறார் என்பதோடு, இறக்கி வைக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தியாவின் பல மாநிலங்களுக்கு அடிப்படையாக இருந்த 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், அதன் 22ஆம் பிரிவில், காவல் அலுவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்று கூறுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கருத்து நடைமுறையில் தொடர்ந்தது. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகத்திற்காக 2014ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வில், காவல் நிலையப் பணியாளர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாகத் தெரியவந்தது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்கு மாதத்தில் ஒரு முறைகூட வார விடுப்பு கிடைக்கவில்லை. பணி நேரத்தால் உடல்நலம் கெடுவதாகவும் ஏறத்தாழ அதே அளவினர் கூறினர்.

2019ஆம் ஆண்டில் காமன் காஸ் அமைப்பும், லோக்நீதி என்னும் ஆய்வுத் திட்டமும் இணைந்து வெளியிட்ட அறிக்கை, 21 மாநிலங்களில் ஏறத்தாழ 12,000 காவல் பணியாளர்களிடம் கேட்டறிந்த தகவல்களைக் கொண்டது. அதன்படி காவலர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் பணியாற்றுகிறார். மீதமுள்ள பத்து மணி நேரத்தில் வீட்டுக்குச் சென்று வருவது, குளிப்பது, உண்பது, குடும்பத்தைக் கவனிப்பது ஆகியவை போக உறக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்பதை எளிதில் கணக்கிடலாம்.

இங்கு மற்றொன்றையும் கருத வேண்டும். காவல் பணிக்கு வருபவர்கள் பொதுமக்களைவிட உடல்நலம் மிக்கவர்கள். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு வரும் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை ஏழு நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். கயிறு ஏற வேண்டும். உயரமும் மார்பளவும் சென்டிமீட்டர் கணக்கில் அளக்கப்படுகின்றன. எனவே சில ஆண்டுகளுக்குப் பின் அவர்களிடையே வலி பொதுமக்களின் அளவுக்கு இருந்தாலே, பணி அவர்களைப் பாதித்துள்ளதா என்று கேட்க இடமுண்டு. உடல்நலம் மிக்கவர்களே பணியில் சேர்வதால் பணியின் தீமை குறைவாகத் தோன்றுவதைத் தொழில்சார் மருத்துவத்தில் ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்பர்.

பிற நாடுகளின் ஆய்வுகள்

கனடாவின் அரச குதிரைப்படைக் காவல்துறையில் நடத்தப்பட்டு 1998ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பணியில் சேர்ந்த பின்னர் நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் இடுப்பு வலி உண்டானதாகக் கூறினர். எனினும் இந்த அளவு பொதுமக்களிடையே காணப்படும் அளவை ஒத்ததே என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். மேலே கூறிய ஆரோக்கியத் தொழிலாளர் விளைவை இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுவீடனில் 4,000க்கும் மேற்பட்ட காவலர்களிடம் நடத்தப்பட்டு 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், பத்தில் நான்கு பேருக்கு வாரத்தில் ஒரு நாளேனும் உடலின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வலி இருந்தது. ஓரிடத்தில் மட்டும் வலி உள்ளவர்களைவிட இவர்களே அதிகம். மிகுதியாக வலி காணப்பட்ட இடம் கீழ்முதுகு. இடுப்புப் பட்டையும் கவச உடையும் தரும் அசௌகரியத்துக்கும் பல இட வலிக்கும் தொடர்பு இருப்பதாகவும் அவ்வாய்வு கூறியது. இவை ஒரே காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகள் ஆதலால், எது காரணம், எது விளைவு என்பதை இவற்றைக் கொண்டு மட்டும் உறுதி செய்ய இயலாது.

அமெரிக்காவின் பஃபலோ நகரக் காவலர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் ஜான் வயலாந்தி. அவர் நியூயார்க் மாநிலக் காவல்துறையில் 23 ஆண்டுகள் பணியாற்றிய பின்னர் ஆய்வாளர் ஆனவர். நள்ளிரவுப் பணியில் உள்ளவர்களுக்குப் பணிக்காயங்கள் கூடுதலாக ஏற்படுவதை அவ்வாய்வுகள் காட்டின. அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் ஏறத்தாழ 5,000 காவலர்களைக் கொண்டு 2011ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், 40 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு உறக்கக் கோளாறு இருக்கலாம் எனக் கண்டறியப்பட்டது. அத்தகையோர் வாகனம் ஓட்டும்போது உறங்கிவிடுவதும், பணியில் பிழை செய்வதும், விசாரிக்கப்படுபவர்களிடம் கட்டுக்கடங்காத கோபம் கொள்வதும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. உறக்கம் குறைந்தால் வலி கூடும். வலி கூடினால் உறக்கம் குறையும். இச்சுழல் காவலரோடு நின்றுவிடாமல், அவரிடம் வரும் பொதுமக்களையும் தொடுகிறது.

மறைக்கப்படும் வலி

எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானி உண்டு. நாட்பட்ட வலிக்கு வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இல்லை. உடல் வலிமையையே தகுதியாகக் கொண்ட துறையில், வலி என்று சொல்வது தகுதியின்மையை ஒப்புக்கொள்வதாகப் பார்க்கப்படுகிறது. அடிக்கடி மருத்துவ விடுப்பு எடுப்பவர் பணிக்குப் பயந்தவர் என்று பெயரெடுக்க நேரிடும். மேலும், ஒருவர் விடுப்பில் சென்றால் அவருடைய பணி உடன் பணியாற்றுபவரின் தலையில் விழுகிறது. இதனால் வலியோடு பணிக்கு வருவதே வழக்கமாகிவிடுகிறது.

சங்கம் அமைத்துக் குறைகளைக் கூறும் வாய்ப்பும் காவலர்களுக்குக் குறைவு. 1966ஆம் ஆண்டின் காவல் படைகள் (உரிமைகள் கட்டுப்பாடு) சட்டத்தின்படி, உரிய அனுமதியின்றி அவர்கள் தொழிற்சங்கத்தில் சேர இயலாது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிடும் 21 வகைக் குறைபாடுகளில் நாட்பட்ட வலி தனி வகையாக இடம்பெறவில்லை. எனவே நடக்கவும் நிற்கவும் முடிகிற, ஆனால் அதற்காக ஒவ்வொரு நாளும் துன்பப்படுகிற ஒருவர் நலமானவர் என்றும் நோயாளி என்றும் சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார்.

வலி மாத்திரைகளின் ஆபத்து

மறைக்கப்படும் வலிக்குக் கைகொடுப்பது பெரும்பாலும் மருந்துக் கடை மாத்திரையே. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் முதலியவை அழற்சியைக் குறைத்து வலியைத் தணிக்கின்றன. சில நாட்களுக்கு மருத்துவர் சொன்னபடி உட்கொண்டால் இவை பயனுள்ளவை. மாதக்கணக்கில் தாமாகவே உட்கொள்ளும்போது இரைப்பைப் புண், இரத்தக் கசிவு, இரத்த அழுத்த உயர்வு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம்.

காவலர்களுக்கு இதில் தனிப்பட்ட ஆபத்து ஒன்று உண்டு. வெயிலில் நின்று வியர்த்து, தண்ணீரும் குறைவாகக் குடிக்கும்போது உடலில் நீர் வற்றுகிறது. அப்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ள, உடல் சில வேதிப்பொருட்களைச் சுரந்து அங்குள்ள இரத்தக் குழாய்களை விரித்து வைக்கிறது. இவ்வகை மாத்திரைகள் அந்த வேதிப்பொருட்களின் உற்பத்தியையே தடுக்கின்றன. நீர் வற்றிய உடலும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு கூடுகிறது. இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளையும், சிறுநீர் பெருக்கும் மருந்துகளையும் உட்கொள்பவர்களுக்கு இவ்வாபத்து மேலும் அதிகம். ஆகவே நாள் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டிய பணிக்கு முன் வலி மாத்திரையை விழுங்கிவிட்டுச் செல்வது மிகவும் கேடான பழக்கம்.

டிரமடால் போன்ற மருந்துகள் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியவை. அது இந்தியாவில் 2018ஆம் ஆண்டு முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது. வலியை மறக்க மது அருந்துவதும் உறக்கத்தின் தரத்தைக் கெடுத்து, மறுநாள் வலியைக் கூட்டுகிறது.

வாழ்க்கைத் தரத்தில் ஏற்படும் விளைவுகள்

உடல்: புரண்டு படுக்கும்போதெல்லாம் விழிப்பு வருவதால் ஆழ்ந்த உறக்கம் கிடைப்பதில்லை. வலிக்கு அஞ்சி உடற்பயிற்சியை நிறுத்துவதால் எடை கூடுகிறது, தசை வலுவிழக்கிறது. இதனால் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் வழி ஏற்படுகிறது.

மனம்: எரிச்சல், நம்பிக்கையின்மை, மனச்சோர்வு ஆகியவை நாட்பட்ட வலியுடன் சேர்ந்தே காணப்படுகின்றன. விபத்தும் கொலையும் கண்ட நினைவுகளால் ஏற்கெனவே அழுத்தத்தில் உள்ளவர்களுக்கு இது கூடுதல் பாரம்.

சமூக உறவு: கிடைக்கும் ஒரு நாள் விடுப்பும் படுக்கையிலேயே கழிகிறது. குழந்தையைத் தூக்க முடியாமை, தாம்பத்திய உறவில் விலகல், உறவினர் வீட்டு விசேடங்களைத் தவிர்த்தல் ஆகியவை குடும்பத்தாருக்கு அக்கறையின்மையாகத் தோன்றலாம்.

சுற்றுச்சூழல்: தங்குமிடம், பயண நேரம், வருமானம், மருத்துவ வசதி ஆகியவை இப்பிரிவில் அடங்கும். மாடிப்படி ஏற வேண்டிய குடியிருப்பு, நெடுந்தொலைவு இருசக்கர வாகனப் பயணம் போன்றவை வலியோடு வாழ்வதைக் கடினமாக்குகின்றன.

சிகிச்சையும் தற்காப்பும்

சில அறிகுறிகள் தென்பட்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது திடீரென அடைபடுதல், தொடைகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மரத்துப்போதல், காலில் வலுவிழத்தல், முதுகு வலியுடன் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், விழுந்து அடிபட்ட பின்னர் வரும் கடும் வலி ஆகியவை அவ்வறிகுறிகள்.

இவை இல்லாத நாட்பட்ட முதுகு வலிக்கு முழுப் படுக்கை ஓய்வு நல்லதன்று. உடலை அளவோடு அசைத்துக்கொண்டிருப்பதே மருந்து. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, வேறு காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்கு உடற்பயிற்சியையும் உளவியல் சிகிச்சையையும் பரிந்துரைத்தது. அதற்காகப் பாராசிட்டமால், அழற்சித் தடுப்பு மாத்திரைகள், ஓபியம் வகை மருந்துகள் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கான உலக சுகாதார அமைப்பின் நெறிமுறை 2023 திசம்பரில் வெளியானது. அதுவும் நோயாளிக்கு விளக்கமளித்தல், பயிற்சி, இயன்முறை சிகிச்சை, உளவியல் ஆதரவு ஆகியவற்றை முன்வைக்கிறது.

பணியிடத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. நிற்கும்போது ஒரு காலைத் தாழ்வான கல்லின்மேல் வைத்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை கால் மாற்றலாம். குதிகாலை உயர்த்தித் தாழ்த்துவது கெண்டைக்கால் தசைகளை இயக்கும். துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொள்ளலாம். அமர்ந்து பணியாற்றுபவர் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடக்க வேண்டும். கால்சட்டையின் பின்பையில் பணப்பையை வைத்துக்கொண்டு வாகனம் ஓட்டினால் இடுப்பு ஒரு பக்கம் உயர்ந்துவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். தேய்ந்த காலணியை மாற்றுவதும், உள்ளே மெத்தென்ற தகடு வைத்துக்கொள்வதும் குதிகால் வலியைக் குறைக்க உதவும்.

நிர்வாக நடவடிக்கைகள்

தனிமனிதர் செய்யக்கூடியவற்றுக்கு எல்லை உண்டு. 14 மணி நேரப் பணிக்குப் பின் உடற்பயிற்சி செய்யுமாறு ஒருவரிடம் கூறுவது எளிது, செய்வது கடினம். ஆகவே பணி நேரத்தை ஒழுங்குபடுத்துவதே முதன்மையான தடுப்பு முறை ஆகும்.

மும்பையில் ஒரு காவலர் வகுத்தளித்த திட்டத்தின்படி, 2016 மே மாதத்தில் தேவ்னார் காவல் நிலையத்தில் எட்டு மணி நேரப் பணிமுறை சோதனையாகத் தொடங்கப்பட்டது. பின்னர் அது நகரின் மற்ற நிலையங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பணிப்பட்டியலைத் திருத்தி அமைத்தாலே நேரத்தைக் குறைக்க வழியுண்டு என்பதை இது காட்டியது.

தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டில், பெங்களூருவில் உள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் நிறுவனத்தின் துணையுடன் காவலர் நல்வாழ்வுப் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. 2021 சூனில், முக்கியப் பிரமுகர்கள் செல்லும் சாலைகளில் பாதுகாப்புக்காகப் பெண் காவலர்களை நிறுத்துவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலானோருக்கு வார விடுப்பு வழங்க அரசாணை வெளியிடப்பட்டது. திருவிழா, தேர்தல், தலைவர்கள் வருகை ஆகியவை வரும்போது விடுப்பு தள்ளிப்போவது இத்தகைய ஆணைகளின் பயனைக் குறைக்கிறது. தள்ளிப்போன விடுப்பு பின்னர் ஈடுசெய்யப்படுகிறதா என்பது வலியைப் பொறுத்தவரை மிக முக்கியமானது.

பெரும் செலவின்றிச் செய்யக்கூடிய ஏற்பாடுகளும் உள்ளன. பந்தோபஸ்துப் பணியில் இருவரை இணையாக நிறுத்தி, மணிக்கு ஒரு முறை ஒருவரை அமரச் செய்யலாம். நிழற்குடையும், குடிநீரும், நடமாடும் கழிப்பறையும் பணித்திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும். காயத்துக்குப் பின் திரும்புபவருக்குச் சில வாரங்கள் இளகிய பணி வழங்கி, படிப்படியாக முழுப் பணிக்குக் கொண்டுவரலாம். காவலர் மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சையாளரைப் பணிநேரம் முடிந்த பின்னரும் அணுகும் வசதி இருந்தால், விடுப்பு எடுக்காமலேயே சிகிச்சை பெற முடியும்.

காவலர்களுக்கு நடத்தப்படும் மருத்துவப் பரிசோதனைகளில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பார்வை ஆகியவை அளக்கப்படுகின்றன. அவற்றுடன் உடலின் ஒன்பது பகுதிகளைப் பற்றிய வினாத்தாளையும், உடல் வலி அன்றாட வேலைகளை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்ற ஒரு வினாவையும் சேர்க்க எந்தக் கருவியும் தேவையில்லை. கூறப்படும் விடை பதவி உயர்வையோ பணியிட மாற்றத்தையோ பாதிக்காது என்ற உறுதி இருந்தால் மட்டுமே அவ்வினாவுக்கு உண்மையான விடை கிடைக்கும்.